திருச்சிச் சுருட்டின் பூர்வோத்தரம்

தென்னாட்டில் ஊர் எல்லையில் காவல் நிற்கும் கருப்பண்ணசாமிக்கும் முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் வருஷப் படையல் போடுகிறவர்கள், சோற்றையும் கறியையும் சாராயத்தையும் இலையில் பரப்பிய பின்பு, மறவாமல் ஒரு கட்டுச் சுருட்டையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டே சூடம் கொளுத்துவார்கள். அந்தச் சுருட்டு கன்னங்கரேலென்று இருக்கவேண்டும், பருத்திருக்கவேண்டும், பற்ற வைத்தால் நாலு வீடு தள்ளி நிற்பவனுக்கும் தொண்டை கமறவேண்டும். மென்மையான சுருட்டு வேண்டுமென்று கேட்ட காவல் தெய்வத்தை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆயினும், அதே சீமையில் விளைந்த இலை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பலேறி, லண்டன் மாநகரத்து ஸ்டிராண்டு வீதியில் பியூலே கம்பெனியாரின் புகையிலைக் கடையில் ‘ஃப்ளோர் டி திண்டுக்கல்’ என்ற ஸ்பானியச் சாயல் பூசிய பெயரோடு, காரம் மிதப்பட்ட இந்தியச் சுருட்டு என்று விளம்பரம் செய்யப்பட்டு, விருந்து முடித்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்த கனவான்களின் விரல்களுக்கிடையே போய்ச் சேர்ந்தது. எல்லைத் தெய்வத்தின் சந்நிதியிலிருந்து கனவானின் கூடம்வரை போவதற்கிடையில் அந்த இலையின் காரம் எப்படிக் குறைந்தது, குறைத்தவர்கள் யார், குறைந்தபின் அது நல்ல சுருட்டுத்தானா என்று தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை யாருக்கு இருந்தது என்பவற்றையே இங்கே விசாரிக்க விரும்புகிறேன்.

தெய்வத்துக்குச் சுருட்டு வைக்கும் வழக்கம் எவ்வளவு தூரம் வேரூன்றியிருந்தது என்பதற்குக் கால்டுவெல் பாதிரியார் ஒரு வேடிக்கையான சான்று தருகிறார். 1809-ல் திருவாங்கூர்க் கோட்டை எல்லையில் நடந்த சண்டையில் காயமடைந்து இறந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், திருநெல்வேலிச் சீமை மக்களால் பேயாகப் பாவிக்கப்பட்டு, அவருக்கு மதுவும் சுருட்டும் படைக்கப்பட்டு வந்ததாகப் பாதிரியார் எழுதியிருக்கிறார். உயிரோடிருந்தபோது எதில் பிரியம் வைத்திருந்தாரோ அதையே இறந்த பிறகும் கொடுத்துச் சாந்தப்படுத்தவேண்டும் என்பது நம்மவர் நியாயம். அந்த நியாயத்தைப் புரட்டிப் பார்த்தால், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கம்பெனி அதிகாரி என்றால் கையில் சுருட்டு இருக்கும் என்ற அபிப்பிராயம் பாமர ஜனங்களிடையே ஸ்திரப்பட்டிருந்தது என்பது விளங்குகிறது.

புகையிலை நம் நாட்டுப் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த அந்தச் செடி, 16-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் மேலைக் கரையில் கால்கொண்டு, பிஜப்பூரிலிருந்து திரும்பிய அசத் பேக் என்பவரின் கையால் அக்பர் பாதுஷாவின் சபைவரை சென்றது. அவருடைய மகன் ஜஹாங்கீர் 1617-ல் அதைத் தடை செய்தபோது, தடையை மதிக்கிறவர்கள் இல்லாத அளவுக்கு அது பரவிவிட்டது. வடக்கே அதை ஹுக்காவில் இட்டு, நீரில் குளிரவைத்து, நீண்ட குழாயின் வழியாக இழுத்தார்கள். சோழமண்டலக் கரையிலோ அவ்வளவு ஆடம்பரத்துக்கு அவகாசமும் பணமும் இல்லாத ஏழை எளியவர்கள் இலையை அப்படியே சுருட்டி, ஒரு முனையைக் கொளுத்தி, மறுமுனையை உதட்டில் வைத்துக்கொண்டார்கள். 1670-களில் இக்கரையில் வியாபாரம் செய்துகொண்டிருந்த தாமஸ் பவுரி என்ற ஆங்கில மாலுமி இதைக் கண்டு, மிகவும் தாழ்ந்த வழக்கம் என்று முகம் சுளித்தாலும், புகை குடிப்பதற்கு மனிதன் முதன்முதலில் கண்ட வழி இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று தம் குறிப்பில் எழுதி வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு இரண்டு தலைமுறைக்குள் அவருடைய ஜாதியாரே அந்தத் தாழ்ந்த வழக்கத்தை நாகரிகமென்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நம் புலவர்களும் சும்மா இருக்கவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகன்பால் புகையிலையைத் தூதனுப்பி ஒரு பிரபந்தமே பாடினார், உ. வே. சாமிநாதையரவர்கள் அதைத் தேடிப் பதிப்பித்தார்கள். பழனிக்குத் தூது போகிற புகையிலைக்கு வழி கேட்கவேண்டிய அவசியமே இருந்திராது. ஏனெனில் பழனிக்கு அடுத்த திண்டுக்கல் சீமைதான் அதன் சொந்த ஊராகிவிட்டது.

1792-ல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கம்பெனியார் வசமான திண்டுக்கல் சீமை, மேற்கே கோடைக்கானல் மலைத்தொடரின் மறைவில் அமைந்து, மழை அதிகமில்லாமல், செம்மண்ணும் கிணற்றுப் பாசனமும் கொண்டது. வேடசந்தூரைச் சுற்றிய கிராமங்களில் ஊசிக்கப்பல், வட்டக்கப்பல், கருங்கண்ணன் என்று குடியானவர்கள் பெயரிட்டு அழைக்கும் ஜாதிகள் தலைமுறை தலைமுறையாகப் பயிராகி வந்தன. இலை நீண்டு குறுகியிருந்தால் ஊசி, அகன்று வளைந்திருந்தால் வட்டம் என்று பிரித்தறியும் இந்தப் பெயர்களிலேயே ரசனையின் முதற்படி அடங்கியிருக்கிறது. சுருட்டு நல்லதாவதும் கெட்டுப்போவதும் முக்கால் பங்கு கொல்லையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது அந்தக் குடியானவனுக்குத் தெரியும். கொழுந்தைக் காலாகாலத்தில் கிள்ளி, பக்கத்தில் வெடிக்கும் கிளைகளை ஒடித்துவிட்டால், செடியின் சத்து முழுவதும் மிஞ்சிய இலைகளில் ஏறி அவை தடித்துக் காரம் பெறும். அவற்றுள்ளும் உச்சியில் நிற்கும் இலைக்குக் காரம் அதிகம். அடியிலை மெலிந்தது, சாந்தமானது. கிணற்றுத் தண்ணீரின் குணத்தைப் பற்றியோ குடியானவர்கள் பெரிய சாஸ்திரமே வைத்திருந்தார்கள். வாயில் அடக்கும் புகையிலைக்கு உப்புக் கரிக்கிற தண்ணீர் ஆகும். அது இலைக்குத் தடிப்பைக் கொடுக்கும். சுருட்டு இலைக்கு அதே தண்ணீர் சத்துரு. உப்பிலுள்ள குளோரின் இலையில் ஏறிவிட்டால், பற்ற வைத்த நெருப்பு நிற்காமல் அணைந்து அணைந்து போகும். சாம்பல் சத்து மிகுந்த மண்ணில் விளைந்த இலையோ ஊதாமலே கனன்றுகொண்டிருக்கும். இவ்வளவையும் ரசாயன நிபுணர்கள் பிற்காலத்தில் சோதனைச்சாலையில் நிரூபித்தார்கள். குடியானவன் ஒரு காய்ந்த இலையின் ஓரத்தைக் கொளுத்திப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தான்.

அறுத்த செடியை வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி உலர்த்தி, இலைகளை அடுக்கி அழுத்தி மூடி, அந்த அடுக்கு தானே சூடேறி வேர்க்கும்வரை விட்டு, பிறகு பிரித்து உள்ளிருந்ததை வெளியிலும் வெளியிலிருந்ததை உள்ளிலும் மாற்றி அடுக்குவதைப் பாடம் செய்வது என்பார்கள். இந்தப் பாடத்தில்தான் பச்சை நாற்றம் தொலைகிறது; தொண்டையைப் பிடிக்கும் அம்மோனியா ஆவியாகிப் போகிறது; காரத்தின் கூர்மையும் ஓரளவு மழுங்குகிறது. அவசரப்பட்டு ஒரு புரட்டலைக் குறைத்தவனுடைய சரக்கு எவ்வளவு அழகாகச் சுற்றப்பட்டாலும் நாக்கைச் சுடும். அளவுக்கு மீறிப் புரட்டினால் இலை செத்துப்போய்க் காகிதம்போல் எரியும்.

இலை திண்டுக்கல்லுடையதாயிருக்க, பெயரைத் திருச்சிராப்பள்ளி தட்டிக்கொண்டது ஏன் என்று சிலர் ஆச்சரியப்படுவதுண்டு. ரயில் வருவதற்கு முந்திய காலத்தில், ஏறக்குறைய 60 மைல் தூரம் வண்டிப்பாதையில் சிப்பம் சிப்பமாக இலை வந்து இறங்கிய இடம் திருச்சி. அங்கேதான் பெரிய பட்டாள முகாம் இருந்தது. பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் வாங்கியதும், ஊர் மாறிப் போகும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுபோனதும், சீமைக்கு எழுதி வரவழைத்துக்கொண்டதும் அந்த ஊர்ச் சரக்குத்தான். விற்கிற ஊரின் பெயர் விளைகிற ஊரின் பெயரை விழுங்கிவிடுவது வியாபாரத்தில் சகஜம். பொன் சங்கிலிக்கும் நெட்டிப் பொம்மைக்கும் பேர்போன திருச்சிக்கு இவ்வாறு மூன்றாவது கீர்த்தியும் வந்து சேர்ந்து, இங்கிலாந்தில் ‘டிரிச்சி’ என்றாலே சுருட்டு என்று பொருள்படும்படி ஆகிவிட்டது. ஹெமிங்வே என்ற ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர் 1907-ல் தொகுத்த ஜில்லா கெஜட்டியரும், அதற்கு முந்திய வருஷம் ஃபிரான்சிஸ் என்பவர் மதுரை ஜில்லாவுக்குத் தொகுத்ததும் வெளிவந்த சமயத்தில், இந்தத் தொழில் உச்சத்தை எட்டியிருந்தது.

சுருட்டுச் சுற்றும் கைகள் பெரும்பாலும் உறையூரைச் சேர்ந்தவை. சோழர்களின் பழைய தலைநகரமாகிய அந்த ஊர், கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூலில் ‘அர்கரு’ என்று குறிக்கப்பட்ட இடமே என்றும், ரோமாபுரிச் சீமாட்டிகள் விரும்பிய மெல்லிய துணி அங்கிருந்தே சென்றது என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நெசவு நலிந்த வீதிகளில் சுருட்டுப் பலகைகள் வந்து அமர்ந்தன. நூலின் மென்மையை விரல் நுனியில் உணர்ந்து பழகிய ஊருக்கு இலையின் மென்மையை உணர்வது பெரிய வித்தையாக இருந்திராது என்று எண்ணத் தோன்றுகிறது; இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

ஹவானாச் சுருட்டுக்கு ஒரு முனை மூடியிருக்கும். குடிப்பவர் அதைக் கத்தியால் நறுக்கியோ பல்லால் கடித்தோ திறக்கவேண்டும். நம் சுருட்டு இரு முனையும் திறந்தது. ஒரு பக்கம் சற்றே குறுகி, மறுபக்கம் விரிந்து, எடுத்தவுடன் பற்றவைக்கச் சௌகரியமானது. நனைத்துப் பதமாக்கிய இலையின் நடுநரம்பை உருவி எறிந்துவிட்டு, துண்டு இலைகளை உள்ளே நீளவாக்கில் அடுக்கி, ஒரு நல்ல இலையை மேலே சாய்வாகச் சுற்றி ஓரத்தைப் பசையால் ஒட்டுவதே முறை. உள்ளே வைக்கும் இலை எரியும் தன்மையையும் காரத்தையும் கொடுப்பது. மேலே சுற்றும் இலை பார்வைக்கும், முதலில் உதட்டில் படும் ருசிக்கும் பொறுப்பானது. கேட்பதற்கு எளிது. இறுக்கிச் சுற்றினால் புகை வராது. தளர்த்திச் சுற்றினால் ஒரே இழுப்பில் பாதி எரிந்துபோகும். ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளர்ந்தால், நெருப்பு ஒருபுறமாக ஓடி மறுபுறம் கருகாமல் நிற்கும். ஒருநாளில் நூற்றுக்கணக்கில் சுற்றுகிற ஒருவன், முதற்சுருட்டுக்கும் கடைசிச் சுருட்டுக்கும் பருமனிலோ எடையிலோ பேதம் தெரியாமல் சுற்றுவது, கணக்குப் பார்த்துச் செய்கிற காரியமன்று. விரலுக்குள் ஊறிப்போன ஞானம் அது.

இத்தகைய சுருட்டைப் பற்றி உலகம் முழுவதும் அறிந்த தீர்ப்பை வழங்கியவர், உலகத்தில் பிறந்தேயிராத ஒருவர். ஆர்தர் கானன் டாயில் 1887-ல் வெளியிட்ட ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ என்ற முதல் கதையிலேயே ஷெர்லக் ஹோம்ஸ், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைத் திரட்டிப் பார்த்து, அது கருத்துச் செதிள் செதிளாக இருப்பதைக் கொண்டு, கொலைகாரன் குடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று முடிவுகட்டுகிறார். 1890-ல் வந்த ‘தி ஸைன் ஆஃப் ஃபோர்’ கதையில், 140 வகைப் புகையிலைகளின் சாம்பலைப் பற்றித் தாம் ஒரு நூலே எழுதியிருப்பதாகச் சொல்லி, மறுபடியும் நம் சுருட்டின் கறுப்புச் சாம்பலை உதாரணம் காட்டுகிறார். கோதாவரி நதியின் லங்கைத் திட்டுகளில் விளையும் ஆந்திரச் சுருட்டுக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்கிறது. வாசகர்கள் இதைத் துப்பறிவோனின் மேதைக்கு அடையாளமாகப் படித்து மகிழ்ந்தார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. சாம்பல் வெளுப்பதும் கறுப்பதும் இலையிலுள்ள தாதுப் பொருள்களையும், நெருப்பு எவ்வளவு பூரணமாக எரிக்கிறது என்பதையும் பொறுத்தது. அரைகுறையாக எரிந்த கரி சாம்பலில் தங்கினால் அது கறுக்கும். அரைகுறையாக எரிவதற்கு முக்கியமான காரணம் மேலே சொன்ன உப்புத் தண்ணீர். ஆகையால் ஹோம்ஸ் கண்டுபிடித்தது எங்கோ ஒரு வறண்ட கிராமத்துக் கிணற்றின் குறையாகவே இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அக்காலத்துச் சாதாரணத் திருச்சிச் சுருட்டு, லண்டன் கனவான்களின் அளவுகோலின்படி, கரடுமுரடான சரக்கு என்ற அபிப்பிராயம் அந்தக் கதைகளில் உறைந்து கிடக்கிறது. கொலைகாரனின் வாயில் அதை வைத்ததே அதற்கு அத்தாட்சி.

இந்த அபிப்பிராயத்தை மாற்றவேண்டும் என்ற வியாபார ஆவலிலிருந்துதான் சிறிய, மென்மையான திண்டுக்கல் சுருட்டு ஜனித்தது. 1875-ல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில்பாதை திறக்கப்பட்டதும், இலையை வண்டியில் ஏற்றித் திருச்சிக்கு அனுப்பவேண்டிய அவசியம் தீர்ந்தது. விளைகிற இடத்திலேயே சுற்றி, பெட்டியில் அடைத்து, நேராகத் துறைமுகத்துக்கு அனுப்பலாயிற்று. 1863-ல் சென்னையில் சிறு கடையாக ஆரம்பித்து, பின்னர் ஹோட்டல்களையும் ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளையும் தன் கைக்குள் கொண்டுவந்த ஸ்பென்ஸர் கம்பெனி, திண்டுக்கல்லில் ஒரு சுருட்டுத் தொழிற்சாலையை நடத்தியது. தன்னுடைய ஹோட்டலில் தங்கி, தன்னுடைய ரயில் பெட்டியில் உணவருந்துகிற துரைக்கு, தன்னுடைய சுருட்டையே நீட்டுகிற வசதி வேறெந்த வியாபாரிக்கும் இல்லை. அந்தத் துரைக்குப் பட்டாளத்துச் சிப்பாயைப்போல் நாள் முழுதும் கரிய சுருட்டை மென்றுகொண்டிருக்கத் தேவையில்லை. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடையிலுள்ள அரைமணி நேரத்தில் இனிதாக முடிந்துபோகிற சிறு சுருட்டு ஒன்று வேண்டும்.

பெரிய சுருட்டைக் குறுக்கினால் சிறிய சுருட்டு ஆகிவிடும் என்று நினைப்பது அறியாமை. பருமன் குறையக் குறைய நெருப்பின் உஷ்ணம் புகையில் அதிகம் ஏறும். இலையின் நீளம் குளிர்விக்கும் வேலையைச் செய்ய அவகாசம் இராது. ஆகவே அதே இலையை மெல்லியதாகச் சுற்றினால் காரம் குறைவதற்குப் பதிலாகக் கூடியதுபோல் நாக்கு எரியும். மேலும், மெல்லிய சுருட்டில் உள்ளே வைக்கும் இலை சொற்பமாகையால், மேலே சுற்றிய இலையின் ருசியே ஓங்கி நிற்கும். நாலு பேருக்கு வைக்கிற ரசத்தில் ஒரு சிட்டிகை புளி மிகுந்துவிட்டால் சட்டியே கெட்டுப்போவதைப்போலத்தான் இதுவும். கல்யாணப் பந்திக்கு வைக்கிற அண்டாவில் அந்தப் பிழை தெரியாது. எனவே திண்டுக்கல்லில் மென்சுருட்டுச் செய்ய முனைந்தவர்கள், உச்சி இலையைத் தள்ளி அடியிலையையும் நடுவிலையையும் பொறுக்கவும், பாடத்தில் அதிகப்படியான புரட்டல்களைக் கூட்டவும் நேர்ந்தது. மேலே சுற்றுவதற்கு நம் இலை தடித்துக் கருத்து நரம்போடியிருந்தபடியால், சுமத்ரா, ஜாவாத் தீவுகளிலிருந்து மெல்லிய இலையைக் கப்பலில் தருவித்தார்கள். அந்த அயல்நாட்டு இலையின் மழுமழுப்பான தோலுக்குள் திண்டுக்கல்லின் சுபாவம் அடங்கி ஒடுங்கி இருந்தது. உள்ளூர்க்காரர்கள் இந்தச் சரக்கைக் குடிக்கவில்லை. அதன் விலை அவர்களுக்கு எட்டாதது ஒரு காரணம். எட்டியிருந்தாலும், புகையை வீணாக்குகிற பண்டம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இப்படிப்பட்ட ஒரு சிறு சுருட்டைப் பரீட்சிப்பது எப்படி என்பதில், தேசங்கள் வேறுபட்டாலும், தொழில் தெரிந்தவர்களிடையே அபிப்பிராய பேதம் அதிகமில்லை. முதலில் கண்ணுக்கு வேலை: மேலிலையின் நிறம் முனைக்கு முனை ஒன்றாக இருக்கிறதா, நரம்பு புடைத்திருக்கிறதா, எண்ணெய்ப் பசை மின்னுகிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு இரண்டு விரல்களால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால், உள்ளே பள்ளம் விழுந்த இடமும் கட்டிபட்ட இடமும் தெரிந்துவிடும். காதருகே உருட்டிப் பார்த்துச் சலசலப்பைக் கேட்பது பாமர வழக்கம். காய்ந்துபோனதா என்பதைத் தவிர வேறொன்றும் அதனால் தெரியாது. பற்ற வைக்குமுன் முகர்ந்தால், நன்றாகப் பாடமான இலையில் வைக்கோல் போரின் வாசனையும் பழைய மரப்பெட்டியின் வாசனையும் கலந்து வரும். அம்மோனியா நெடி எழுந்தால் அதைக் கீழே வைத்துவிடலாம். பற்ற வைக்காமலே ஒருமுறை காற்றை இழுத்துப் பார்ப்பது, சுற்றியவனுடைய விரலுக்கு வைக்கிற பரீட்சை. கொளுத்திய பின் அவசரப்படக்கூடாது. நிமிஷத்துக்கு ஓர் இழுப்புப் போதும். அதற்குமேல் இழுத்தால் எந்த மென்சுருட்டும் காரமாகிவிடும். பிறகு சுருட்டைக் குறைசொல்வதில் நியாயமில்லை. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பது நினைவிருக்கவேண்டும். சிகரெட்டின் புகை அமிலத் தன்மையுள்ளது. சுருட்டின் புகை காரத் தன்மையுள்ளது. ஆகவே அதன் நிக்கோட்டின் வாயின் தோலிலேயே ஊறி ரத்தத்தில் கலந்துவிடுகிறது. முதல் மூன்றிலொரு பாகத்தில் ருசி வெறுமையாக இருந்து, நடுவில் இனிப்பும் கசப்பும் சமமாக நின்று, கடைசியில் காரம் தலைகாட்டுவது நல்ல அடையாளம். சாம்பல் விழாமல் ஓர் அங்குலமாவது நிற்குமானால், உள்ளே நீள இலை வைத்திருக்கிறார்கள் என்றும், பொடியையும் துண்டையும் அடைத்து ஏமாற்றவில்லை என்றும் கொள்ளலாம்.

இந்த இலக்கணங்களையெல்லாம் வைத்துப் பார்த்தால் திண்டுக்கல் மென்சுருட்டு எந்த ஸ்தானத்தைப் பெறும்? எரியும் தன்மையிலும் விலையிலும் அது நல்ல மதிப்புப் பெற்றது. வாசனையில் ஹவானாவை அது எட்டவில்லை. ஹவானாவை எட்டச்செய்கிற ஆசையே அதற்குப் பெரிய கெடுதல் செய்தது என்று நான் நினைக்கிறேன். இயல்பில் காரமும் மண்வாசனையும் உள்ள ஓர் இலையை, அது எதுவல்லவோ அதுவாக்க முயன்று, அயல்நாட்டுத் தோலையும் ஸ்பானியப் பெயரையும் போர்த்தி அனுப்பினார்கள். உறையூரில் தமிழர் நடத்திய கம்பெனிகூட ‘ஃபென் தாம்ஸன்’ என்ற இங்கிலீஷ் பெயரை அணிந்துகொள்ளவேண்டியிருந்தது. இந்தப் பெயர் மோகத்தின் தொடர்ச்சிதான் வின்ஸ்டன் சர்ச்சில் திருச்சிச் சுருட்டையே விரும்பிக் குடித்தார் என்று இன்றும் பெருமையாகச் சொல்லப்படும் கதை. சர்ச்சில் 1895-ல் கியூபாவுக்குச் சென்றிருந்தார். மறு வருஷம் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்தார். பெங்களூரில் இருந்த காலத்தில் நம் சுருட்டு அவர் வாயில் பட்டிராமல் இருக்க வழியில்லை. ஆனால் ஆயுள் முழுவதும் அவர் கையில் காணப்பட்டது கியூபாச் சுருட்டு. ஒரு துரை குடித்தார் என்ற சான்றிதழ் இல்லாமலே நிற்கக்கூடிய கீர்த்தி நம் சுருட்டுக்கு உண்டு.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இந்த மயக்கத்துக்கு ஆளாகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர்கள் இலையைத் தேங்காய் மட்டை முதலியவற்றின் புகையிலே வாட்டி, ‘கோடா’ என்று சொல்லும் பாகை ஏற்றி, தங்களுக்குப் பிடித்த காரத்தோடு சுற்றினார்கள். அவர்களுடைய புகையிலை ஒல்லாந்தர் காலத்திலிருந்தே திருவாங்கூருக்குக் கப்பலேறியது. தென்னிலங்கையின் சிங்கள ஊர்கள்தோறும் சுருட்டுக்கடை என்றாலே யாழ்ப்பாணத்தான் கடை என்று ஆயிற்று. சுருட்டுக் கொட்டில்களில் தொழிலாளர் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உட்கார்ந்து பத்திரிகையையும் கதையையும் உரக்கப் படித்துக் காட்டும் நல்ல வழக்கம் அங்கே இருந்தது. உலக யுத்தச் செய்திகளும் தொடர்கதைகளும் எழுத்தறியாதவர்க்கும் அவ்வாறு சென்று சேர்ந்தன.

திருச்சிச் சுருட்டின் தாழ்வு நீண்ட கதையன்று. பீடி ஏழையைக் கவர்ந்துகொண்டது. 1910-ல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட இம்பீரியல் டொபாகோ கம்பெனியின் சிகரெட்டு மற்றவர்களைக் கவர்ந்துகொண்டது. குண்டூர்ப் பக்கத்தில் வர்ஜீனியாப் புகையிலை பெருகிற்று. 1947-ல் துரைமார் கப்பலேறினார்கள். அதே வருஷத்தில் ராஜமகேந்திரபுரத்தில் மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையமும், அடுத்த வருஷமே வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்று தனி நிலையமும், 1952-ல் மேலிலைக்காக வங்காளத்தின் தின்ஹாட்டாவில் இன்னொன்றும் ஏற்பட்டன. வாங்குகிறவர்கள் போன பிறகு ஆராய்ச்சி வந்தது என்று சொல்லத் தோன்றினாலும், குடியானவர்களுக்கு அவற்றால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. பலகையின் முன் உட்கார்ந்தவர்களின் நிலைமைதான் நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. எண்ணிக்கைக் கூலி, இருட்டறை, மூச்சோடு ஏறும் புகையிலைத் தூசி, உதவிக்கு அமர்த்தப்பட்ட சிறுவர்கள் என்று இருந்த தொழிலை ஒழுங்குபடுத்த 1966-ல்தான் பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைக்கலாகாது என்று அது விதித்தது. குடித்தவர்கள் பட்ட துன்பத்தையும் மறைத்துப் பயனில்லை. மென்சுருட்டானாலும் வன்சுருட்டானாலும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயை உண்டாக்கும். கொளுத்திய முனையை வாய்க்குள்ளே வைத்துப் புகைக்கும் ஆந்திரக் கடற்கரைப் பெண்களிடம் மேலண்ணத்தில் அந்நோய் காண்பதை வைத்தியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மென்மை நாக்குக்கு மட்டுமே.

இன்று உறையூரில் சுருட்டுச் சுற்றும் பட்டறைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. திண்டுக்கல் இலையின் ஜாதிகளை அரசாங்க நிலையம் பாதுகாக்கிறது. அதன் சாம்பலை ஒரு துப்பறியும் கதை பாதுகாக்கிறது. அதன் விளம்பரங்கள் பழைய லண்டன் பத்திரிகைகளில் பத்திரமாக இருக்கின்றன. இலையைத் தொட்டவுடன் அது எந்தக் கிணற்றுப் பாய்ச்சலில் விளைந்தது, எத்தனை புரட்டல் கண்டது, மென்சுருட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லத் தெரிந்த விரல்களின் அறிவைத்தான் எந்தக் கெஜட்டியரும் எழுதி வைக்கவில்லை. அந்த அறிவுடைய முதியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். திருச்சிக் கல்லூரிகளில் சரித்திரம் படிக்கும் மாணவர்கள் இரண்டொருவர், ஒரு கோடை விடுமுறையைச் செலவிட்டு, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லுகிற சொற்களிலேயே அதை எழுதிக்கொள்ளுவார்களானால் நல்லது.